காட்டச் சொல்லி எந்த விதியில் இருக்கு?

கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரம் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சாரங்காவைத் தெரியாமல் இராது. அரிசி நிறுத்து முடிப்பதற்குள் நாலு கேள்வி கேட்டுவிடுவாள். "என்ன இந்தமுறை கீரிச்சம்பா? ஆர் வருகினம்?" "உங்கடை பப்பா காய்க்கேல்லை எண்டனீங்கள், இப்ப என்னமாதிரி? என்ன போட்டனீங்கள்?" வம்புக்குக் கேட்பதில்லை. ஒரு விசயம் அரைகுறையாகக் காதில் விழுந்துவிட்டால் மீதியைத் தெரிந்துகொள்ளும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பருப்பு மூட்டையில் அச்சடித்திருந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒருமுறை வாத்தியார் ஒருவரை மறித்துக் கேட்டாள். அவரும் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இரண்டு பேரும் நின்று, அங்கே என்ன விளையும், மழை எப்போது பெய்யும் என்று கதைத்துக்கொண்டிருந்ததில் வரிசையில் நின்றவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே, சொந்தக் கால் இல்லை. புதிதாகக் கடைக்கு வருகிறவர்களுக்கு இது தெரியாது. நீளப் பாவாடை, இரண்டு காலிலும் ஒரேமாதிரிச் சப்பாத்து. மேசைக்குப் பின்னால் நின்றபடியே வேலை செய்வாள். கடைசிச் சண்டை நடந்த வருசம் உடையார்கட்டில் ஷெல் விழுந்தபோது போன கால். அப்போது அவளுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அதைப்பற்றிக் கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டால் தானாகச் சொல்லமாட்டாள். அவளுடைய தகப்பன் வழி ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கென்று வந்து குடியேறியவர்கள். கணவன் பிரதீபனும் அப்படி வந்த குடும்பம்தான். அவன் வயல் செய்கிறான். அதிகம் கதைக்க மாட்டான். வீட்டுக்குத் தேவையான கதையை மனிசியே கதைத்துவிடுவாள் என்று அவனே பகிடி விடுவான்.

போன வருசம் மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பொய்க்கால் அவளுக்கு ஒத்துவரவில்லை. வெட்டிய இடம் பொருந்துகிற கிண்ணம் தேய்ந்து, தோலை அரைக்கத் தொடங்கியிருந்தது. வவுனியாவில் கால் செய்து கொடுக்கிற இடமொன்றில் அளவெடுக்கத் திகதி தந்தார்கள். அந்தத் திகதிக்காக அவள் கனநாள் காத்திருந்தவள். பஸ்ஸில் காலை மடக்கிக்கொண்டு இருப்பது கஷ்டம் என்பதால் கிளிநொச்சியில் காலை ரயிலைப் பிடித்தாள்.

பெட்டி நிறைந்துதான் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய இருக்கை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் இருந்தாள். காலை நீட்டிப் பாவாடையை இழுத்துவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். மாங்குளம் தாண்டியபிறகு சீருடை போட்ட இரண்டு பேர் பெட்டிக்குள் வந்தார்கள். ஒருவர் உயரம், நாற்பதை எட்டியிருப்பார். மற்றவர் இளம் ஆள், பின்னால் நின்றார். உயரமானவர் ரிக்கெற்றைக் கேட்டார். அவள் கொடுத்தாள். பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"இது உங்களுக்குரிய சீற் இல்லை. எழும்புங்க."

சங்கக்கடைக்குச் சாமான் இறக்க வருகிற லொறிக்காரரோடு கதைத்துப் பழகிய சிங்களம் அவளிடம் இருந்தது. "எனக்குரிய சீற்தான். எனக்கு ஒரு கால் இல்லை" என்றாள்.

அவர் அவளுடைய சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"எந்தக் கால்?"

"இடது."

"காட்டுங்க."

தனக்குத்தான் சிங்களம் விளங்கவில்லை என்று அவள் முதலில் நினைத்தாள். அவர் கையால் பாவாடையைக் காட்டி, மேலே தூக்கச் சொல்லிச் சைகை செய்த பிறகுதான் விளங்கியது. எதிரே கம்பஸில் படிக்கிற பெடியள் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு குடும்பம், தாயின் மடியில் குழந்தை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

சாரங்காவின் பைக்குள் பிரதேச செயலகத்தில் கொடுத்த கடிதம் இருந்தது. இன்னாருக்கு இடது கால் இல்லை என்று முத்திரை குத்திய கடிதம். எடுத்து நீட்டினாள். அது தமிழில் இருந்தது. அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன எழுதியிருக்கு எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"தமிழ் தெரிஞ்ச ஒராளிட்டைக் குடுத்து வாசிப்பியுங்கோ."

பின்னால் நின்ற இளம் ஆள் மெதுவாக ஏதோ சொன்னார். உயரமானவர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கால் இல்லையெண்டா காட்டுறதில என்ன கஷ்டம்?" என்று அவளிடம் கேட்டார்.

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "காட்டச் சொல்லி எந்த விதியில் இருக்கு?"

உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். அப்படி ஒரு விதி இருந்தால் அது எங்கே எழுதியிருக்கிறது, யார் எழுதினார்கள், ஆம்பிளைகளுக்கும் அதுதானா என்றெல்லாம் அந்த நேரத்திலும் அவளுடைய தலைக்குள் ஓடியிருக்கிறது. உயரமானவருக்கு அது எதிர்ப்பேச்சாகக் கேட்டது. அவள்மேல் கை வைக்கவில்லை. கடிதத்தை அவளுடைய கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு நடந்தார். பைக்குள் காசும் அடையாள அட்டையும் இருந்தன. அவள் பின்னால் போகவேண்டியிருந்தது. அடுத்த ஸ்டேசனில் ரயில் நின்றபோது பையை மேடையில் வைத்தார். அவள் பெட்டிக் கதவின் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி, மெதுவாக இறங்கினாள். ரயில் போய்விட்டது.

அது காட்டோரம் இருக்கிற சின்ன ஸ்டேசன். இறங்க ஏற வேறு ஒருவரும் இல்லை. ஸ்டேசன் மாஸ்டர் சிங்கள ஆள், வயதானவர். அவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத் தன்னுடைய கதிரையை வெளியே கொண்டுவந்து போட்டார்.

"இருங்க நங்கி" என்றார். தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டு, தெரிந்த தமிழில், "என்ன நடந்தது?" என்று கேட்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் உள்ளே போய்ப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

"ஐயா, இவை பொலிசோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுவாள், அல்லது சத்தம் போடுவாள் என்று நினைத்திருப்பார்போல. "இல்ல. பொலிஸ் வேற. இவங்க ரயில்வே ஆக்கள். ரயிலுக்குப் பாதுகாப்பு."

"அப்ப இவைக்கு மேலை ஆர்?"

"அதுக்கு வேற கந்தோர். வேற பெரியவர்."

"பேர் தெரியாமல் எப்படி முறைப்பாடு செய்யிறது?"

ஸ்டேசன் மாஸ்டர் மேடையின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு சொன்னார். பேர் தேவையில்லை. எந்த ரயில், எந்தத் திகதி, எத்தனையாவது பெட்டி, எங்கே இறக்கினது, இவ்வளவும் இருந்தால் போதும். அன்றைக்கு யார் வேலையில் நின்றது என்பது அவர்களுடைய கந்தோர்ப் பதிவிலேயே இருக்கும். "நான் இங்க கதிரை தந்தது, அதையும் சொல்லுங்க. என்னைக் கேட்டா நான் சொல்றேன்" என்றார்.

பிரதான வீதி கிட்டத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலோடு அது கிட்ட இல்லை. புளியங்குளம் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஏறி வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அளவெடுக்கிறவர் போய்விட்டார். மறுபடி திகதி தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து காலைக் கழற்றியபோது வெட்டிய இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. பிரதீபன் சுடுதண்ணி வைத்துக் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விடு" என்றான்.

"என்னத்தை விடுறது?"

"யூனிபோர்ம் போட்ட ஆக்களோட எங்களுக்கு என்ன கதை? நாளைக்கு இஞ்சை வந்து நிப்பினம். இன்னாற்றை மனிசி எண்டு தேடுவினம். வேணாம் சாரங்கா."

"நான் சண்டைக்குப் போகேல்லையப்பா. கேக்கத்தான் போறன்."

"கேக்கிறதும் சண்டையும் அவையளுக்கு ஒண்டுதான்."

அது பொய்யில்லை என்று அவளுக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் சீருடைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு சீருடை. எந்தச் சீருடையிடமும் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் இந்தமுறை அவளுக்குப் பயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் அவா கூடுதலாக இருந்தது. உண்மையில் அப்படி ஒரு விதி இருக்கிறதா? இல்லையென்றால் அவர் எங்கிருந்து எடுத்தார்? ஒரு முறைப்பாடு எழுதினால் அது எங்கே போகும், யார் வாசிப்பார்கள், வாசித்த பிறகு என்ன செய்வார்கள்? தோல் ஆறும்வரை வீட்டில் இருந்த நாட்களில் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பிரதீபன்தான், "இப்பிடி யோசிச்சுக்கொண்டு என்ரை உயிரை எடுக்கிறதுக்கு ஒருக்காப் போய்க் கேட்டிட்டு வா" என்றான். அவனே மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

ரயில்வேக்காரர் பொலிஸ் இல்லையென்றாலும், பதிவு ஒன்று இருக்கட்டும் என்று முதலில் பொலிஸுக்குப் போனார்கள். எந்தப் பொலிஸ் என்பது இங்கே முக்கியமில்லை. மேசையில் இருந்த பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, சிங்களத்தில் எழுதினார். இடைக்கிடை, "சரி, சரி" என்றார். அவள் நிறுத்தி நிறுத்தி நீளமாகச் சொன்னாள். அவர் எழுதியது சின்னதாக இருந்தது. எழுதி முடித்துவிட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இங்க கையெழுத்து."

"இதில என்ன எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான்."

"நான் சொன்னதைத்தான் எழுதியிருப்பியள். ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்."

பிரதீபன் அவளுடைய கையைத் தொட்டான். பொலிஸ்காரர் பெருமூச்சு விட்டு வாசித்தார். அவளுக்கு விளங்கிய சிங்களத்தில், ரயிலில் இருக்கை தொடர்பாக வாக்குவாதம் ஏற்பட்டதாகவும், முறைப்பாட்டாளர் எழும்ப மறுத்ததால் இறக்கப்பட்டதாகவும் இருந்தது. காட்டச் சொன்னது அதில் இல்லை. கடிதம் இல்லை. கால்கூட இல்லை.

"இதில என்ரை கால் இல்லையே" என்றாள்.

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். அவள் சிரிப்புக்குச் சொல்லவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச பாசையில எழுதினால் கையெழுத்து வைப்பன். தமிழில எழுதித் தாங்கோ" என்றாள். தமிழில் எழுதுகிற ஆள் இப்போது இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். "எத்தினை மணிக்கு வருவினம்? நான் இருக்கிறன்" என்று சுவரோரம் கிடந்த நீள வாங்கில் போய் இருந்துகொண்டாள். பிரதீபனும் வந்து பக்கத்தில் இருந்தான். அவனுக்கு வயலில் வேலை இருந்தது. ஆனால் எழும்பிப் போகவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தமிழ்ப் பொலிஸ் பிள்ளை வந்தாள். வாங்கில் அவள் பக்கத்திலேயே இருந்து முழுக்கக் கேட்டு, சொன்னது சொன்னபடி தமிழில் எழுதினாள். எழுதிக்கொண்டு போகையில், "அவர் கையால காட்டினவரோ?" என்று ஒருமுறை நிறுத்திக் கேட்டாள். ஓம் என்றதும் அதையும் எழுதினாள். சாரங்கா வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தாள். முறைப்பாட்டைப் பதிந்த என்றி நம்பரை ஒரு துண்டில் எழுதித் தந்த அந்தப் பிள்ளை, "அக்கா, இதை நாங்கள் விசாரிக்க ஏலாது, அவை ரயில்வேக்குக் கீழ. ஆனா இந்த நம்பரை வைச்சுக்கொள்ளுங்கோ, மற்ற இடங்களில கேப்பினம்" என்றாள். எழுதியதில் ஒரு பிரதியை ரயில்வேயின் மேலிடத்துக்குத் தபாலில் போடச் சொன்னாள், இன்னொன்றை மனித உரிமை ஆணைக்குழுவின் வவுனியாக் கந்தோருக்குக் கொண்டுபோய் நேரே கொடுக்கச் சொன்னாள்.

வவுனியாவில் அதை வாங்கியவள் அந்தக் கந்தோரில் வேலை செய்கிற நிரோஜா. முப்பது வயதுதான் இருக்கும். மலையகத்திலிருந்து கலவரங்களுக்குப் பயந்து வந்து வன்னியில் தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை. தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் பேசுவாள். முறைப்பாட்டை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள வந்திட்டீங்க, அது நல்லது அக்கா. சரி, உங்களுக்கு என்னா வேணும்? நட்டஈடா, மன்னிப்பா, அவங்களுக்குத் தண்டனையா? அதையும் எழுதணும்."

சாரங்கா யோசித்தாள். "எனக்கு ஒரு விசயம் தெரியவேணும். காட்டச் சொல்லி விதி இருக்கோ இல்லையோ எண்டு."

"அது மட்டுமா?"

"அது தெரிஞ்சால்தானே மற்றதைக் கேக்கலாம்."

நிரோஜா பேனையை மேசையில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அக்கா, இங்க வர்ற ஆளுங்க எல்லாம் கோபத்தில வருவாங்க, இல்லாட்டி அழுதுகிட்டு வருவாங்க. கேள்வியோட வந்தது நீங்கதான்." பிறகு அந்தக் கேள்வியையே முதல் வரியாக எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மாரி வந்தது. வயல் விதைத்தார்கள். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு துண்டு வந்தது, அவ்வளவுதான். சாரங்கா இடைக்கிடை நிரோஜாவுக்குப் போன் எடுத்தாள். "இப்ப அது ஆற்றை மேசையில கிடக்கு?" என்று கேட்பாள். நிரோஜாவும் சலிக்காமல் சொல்லுவாள்: இப்போது விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கிறது, இப்போது நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. சாரங்காவுக்கு அதுவே ஒரு பிரயாணம்போல இருந்தது. தான் போகாத கொழும்புக் கந்தோர்களுக்குத் தன்னுடைய கதை போய் வருகிறது. அங்கே எவரோ ஒருவர் தன்னுடைய காலைப்பற்றிச் சிங்களத்தில் வாசித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தவராசா என்கிறவர் கடைக்கு வந்தார். முன்னர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வவுனியாப் பக்கம். சவர்க்காரம் ஒன்று வாங்கினார். மிச்சக்காசை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"பிள்ளை, அந்த ரயில் விசயம்... அதை மீளப்பெறலாம்தானே. பாவம் பெடியன், கலியாணம் கட்டிக் கனநாள் இல்லை. வேலை போயிடும்."

"எந்தப் பெடியன் ஐயா? உயரமானவரோ, மற்றவரோ?"

தவராசாவுக்கு அது தெரியவில்லை. தன்னை அனுப்பியவரும் சொல்லவில்லை.

"அவர் ஏன் தானே வந்து கேக்கேல்லை?"

"அவங்கள் எப்பிடியம்மா வாறது..."

"நான் இந்தக் காலோட எல்லா இடத்துக்கும் நேரிலதானே போனனான்" என்றாள். ஆனால் அவர் போன பிறகு மனம் ஒருமாதிரி இருந்தது. பின்னால் நின்ற அந்த இளம் ஆள் மெதுவாக ஏதோ சொன்னாரே, அது என்னவாக இருந்திருக்கும்? வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாரோ? வேலை போகிற ஆள் அவராக இருந்தால்? அன்றிரவு பிரதீபனிடம் கேட்டாள். அவன் விடு என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தாள். அவன், "இவ்வளவு தூரம் வந்திட்டு இப்ப ஆளனுப்பிச் சொல்லுறதுக்கு விடக்கூடாது" என்றான். அவனுக்கும் கோபம் வந்திருந்தது. நிரோஜாவிடம் கேட்டபோது, "விசாரணையில நீங்களே சொல்லலாம் அக்கா, அந்தப் பொடியன் மேல உங்களுக்குக் குறை இல்லைன்னு" என்றாள். அதன்பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

நெல் வெட்டி முடிந்த காலத்தில் ஆணைக்குழுவிலிருந்து விசாரணைக்கு அழைத்தார்கள். சின்ன அறை, நீள மேசை. ஒரு பக்கம் சாரங்காவும் பிரதீபனும். எதிர்ப்பக்கம் அந்த இரண்டு பேரும், அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரி ஒருவரும். மேசையின் தலைப்பக்கம் விசாரணை அதிகாரி. நிரோஜா நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். உயரமானவர் சீருடை இல்லாமல் வந்திருந்தார். வெள்ளைச் சேட்டில் அவர் ஏதோ பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்போல இருந்தார். முதலில் சாரங்காவுக்கு ஆளே பிடிபடவில்லை.

ஸ்டேசன் மாஸ்டர் எழுதியனுப்பிய வாக்குமூலத்தை வாசித்தார்கள். பயணி நொண்டிக்கொண்டு வந்ததையும், தன்னுடைய கதிரையைக் கொடுத்ததையும், அவரிடமிருந்த கடிதத்தைத் தான் பார்த்ததையும் அவர் சொல்லியிருந்தார். சாரங்காவுக்கு அவரிடம் கடிதத்தைக் காட்டிய ஞாபகம் இல்லை. மடியில் வைத்திருந்தபோது அவர் பார்த்திருப்பார்போல.

பிறகு விசாரணை அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். நல்ல மனிசன்தான். தயங்கித்தான் கேட்டார். "பிழையா நினைக்கவேணாம். நீங்கள் காட்டியிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். ஏன் காட்டேல்லை?"



"காட்டியிருக்கலாம் சேர்" என்றாள். "கிளினிக்கில எத்தினை பேர் பாத்தவை. வெக்கமும் இருந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அண்டைக்குக் காட்டினா அடுத்தமுறையும் காட்டவேணும். அதுக்கு அடுத்தமுறையும். அப்ப நான் எடுக்கிற ரிக்கெற்றுக்கு என்ன பெறுமதி? அதுதான் விதி எண்டால் ஸ்டேசனில எழுதிப் போடுங்கோ, நான் பஸ்ஸில போறன். விதி இல்லையெண்டால், இவர் ஏன் கேட்டவர் எண்டு இவரையே சொல்லச் சொல்லுங்கோ."

நிரோஜா மொழிபெயர்த்து முடித்த பிறகு உயரமானவர் பேசினார். அந்தச் சம்பவத்துக்கு முதல் கிழமை ஒருவர் முறைப்பாடு கொடுத்திருந்தாராம். சண்டையில் கால் இழந்த முன்னாள் இராணுவக்காரர். அந்த இருக்கையில் நல்ல காலோடு இருக்கிற ஆட்கள் எழும்பாததால் தான் அநுராதபுரம்வரை நின்றுகொண்டு போனதாகச் சொல்லியிருந்தார். மேலிடம் இவர்களை ஏசியது. இனிமேல் சோதித்துப் பார்க்கச் சொன்னது.

சாரங்காவுக்கு இது புதுக் கதை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "அவருக்கு எந்தக் கால்?"

உயரமானவர் திகைத்துவிட்டார். "வலது."

"அவரையும் காட்டச் சொன்னீங்களோ?"

"இல்லை. அவரிட்ட கார்ட் இருந்தது."

"என்ன பாசையில?"

 "சிங்களத்தில" என்றார்.

விசாரணை அதிகாரி மேலதிகாரியைப் பார்த்து, எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார்.  எழுத்தில் ஒன்றும் இல்லை என்றார் அவர். ஆக, விதி இல்லை. சாரங்கா பிரதீபனைப் பார்த்தாள். அத்தனை மாதமும் தேடிய பதில் அது. வென்றதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அந்த இராணுவக்காரர் அநுராதபுரம்வரை நின்றுகொண்டே போனது எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனதுக்குள் வந்தது. இளம் உத்தியோகத்தர்மேல் தனக்குக் குறை இல்லை என்பதை அவள் மறக்காமல் சொன்னாள். அவர் அன்றைக்கு, "சேர், கடிதத்தை ஸ்டேசனில காட்டிக் கேப்பம்" என்றுதான் சொன்னாராம். அதுவும் பதிவாகியது.

வெளியே விறாந்தையில் பிரதீபன் ஓட்டோ பிடிக்கப் போயிருந்தபோது உயரமானவர் அவள் நின்ற இடத்துக்கு வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"உங்களுக்கு மனவருத்தமா இருந்தா, எனக்கும் வருத்தம்" என்றார், முன்கூட்டியே பாடமாக்கியதுபோல.

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "நான் காட்டியிருந்தா நீங்க என்ன செய்திருப்பீங்க?"

"இருங்க எண்டு சொல்லியிருப்பேன்."

"பிறகு?"

 இந்தமுறை பாடமாக்கிய பதில் இல்லை. "பிறகு அந்தப் பெட்டியில நிக்க எனக்கு வெக்கமா இருந்திருக்கும்" என்றார். "அடுத்த பெட்டிக்குப் போயிருப்பேன்." படியால் இறங்கிப் போனார்.

முடிவு வர மேலும் கொஞ்சக் காலம் எடுத்தது. உடம்பைக் காட்டச் சொல்லிப் பயணிகள் எவரையும் கேட்கக்கூடாது, எந்த மொழியில் இருந்தாலும் அரச முத்திரையுள்ள கடிதத்தை ஏற்கவேண்டும், விளங்காவிட்டால் அடுத்த ஸ்டேசனில் வாசித்தறிய வேண்டும், இதை எல்லா உத்தியோகத்தர்களுக்கும் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரை வந்தது. உயரமானவருக்கு எழுத்துமூல எச்சரிக்கை. வேலை ஒருவருக்கும் போகவில்லை. ரயில்வேயிலிருந்து அவளுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, தமிழில். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது என்று சொல்லிச் சிரித்தாள். பரிந்துரை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறாள்.

புதுக் கால் அதற்கு முன்னரே வந்துவிட்டது. இரண்டாவது திகதிக்குப் பிரதீபன் கூடவே போனான்.

கதை ஊருக்குள் பரவியபிறகு கடையில் கேள்வி கேட்கிறவர்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். ஓட்டோ ஓடுகிற யோகலிங்கம் ஒருநாள் வந்தார். போக்குவரத்துப் பொலிஸ் தன்னை மறித்து, செய்யாத பிழைக்குத் தண்டத் துண்டு எழுதி, ஏன் என்று கேட்டதற்கு எல்லாருக்கும் முன்னால் தூசண வார்த்தைகளால் ஏசியதாகச் சொன்னார்.

"என்ன செய்யிறது தங்கச்சி? எங்கை போறது?"

சாரங்கா தராசைவிட்டு வந்து, நடந்த இடம், நேரம், பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டாள். இவர்கள் பொலிஸ் என்பதால் வழி வேறு, மேலே உள்ள பொலிஸ் கந்தோரும் அதற்கென்று ஆணைக்குழுவும் இருக்கின்றன, நானும் அதைச் சரியாக விசாரித்துச் சொல்லுகிறேன் என்றாள். "ஆனா ஒண்டு அண்ணை, அவை எழுதினதை வாசிக்காமல் கையெழுத்து வைச்சிடாதேங்கோ."

யோகலிங்கம் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு இன்னும் பதில் இல்லை. கடைப்பக்கம் ஓட்டோ வந்தால் சாரங்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள்.

"அண்ணை, இப்ப அது ஆற்றை மேசையில எண்டு கேட்டனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. அப்பிடியும் கேக்கலாமோ?"

"ஏன் கேக்க ஏலாது?" என்று சொல்லிக்கொண்டே அவள் போனை எடுத்து நிரோஜாவின் நம்பரைத் தேடத் தொடங்கினாள்.